லேபிளில் 20% புரதம், உள்ளே அது இல்லை: தீவன வழக்கு எங்கே நிற்கும், எங்கே விழும்?

கொட்டில் எழுதியது:

கலப்புத் தீவன மூட்டையில் அச்சிட்ட அளவு ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இதற்குச் சட்டப்படி என்ன செய்யலாம் என்பதைப் பற்றித் துண்டு துண்டாகப் பல பதிவுகள் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பேசிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டு. லேபிளில்: கச்சாப் புரதம் குறைந்தது 20%, ஈரம் அதிகபட்சம் 12%. ஆய்வக அறிக்கையில்: புரதம் 20.5%. தேறிவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அறிக்கையின் அடியில் "உலர் நிலையில்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இதை வைத்துப் புகார் கொடுத்தால் நிற்குமா? நிற்பதற்கு இன்னும் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

சோதனைக்குழல் எழுதியது:

முதலில் எண்ணைச் சரிசெய்வோம். லேபிளில் இருப்பது மூட்டையில் உள்ளபடியான அளவு, அதாவது ஈரத்தோடு சேர்த்துச் சொன்னது. ஆய்வகம் சொன்னது ஈரம் முழுவதையும் நீக்கிய நிலையில். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

ஈரம் 12% என்றால் உலர்பொருள் 88%. 20.5 × 0.88 = 18.04. ஆக மூட்டையில் உள்ளபடி புரதம் 18%தான், லேபிளைவிட 2 அலகு குறைவு. தேறியதுபோல் தெரிந்த அறிக்கை உண்மையில் தோற்ற அறிக்கை.

இதிலேயே இன்னொரு சிக்கல். அந்த 12% லேபிளில் உள்ள உச்ச அளவு, உண்மையான ஈரம் அல்ல. மாதிரியில் 9% மட்டுமே ஈரம் இருந்தால் கணக்கு 20.5 × 0.91 = 18.66 ஆகிவிடும். அதனால் அறிக்கையில் ஈரமும் தனியாக அளந்து எழுதப்பட்டிருக்க வேண்டும், அதுவும் அதே டப்பாவிலிருந்து, திறந்த அன்றே. ஈரம் அளக்காத புரத அறிக்கையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் கிழித்துவிடுவார்.

மாதிரி வழியில் காய்ந்துபோனால் புரத விழுக்காடு ஏறும், இறங்காது. "எங்கள் தீவனம் உங்கள் கையில் காய்ந்து புரதம் குறைந்துவிட்டது" என்று நிறுவனம் சொன்னால் அது தலைகீழான வாதம்.

சட்டநூல் எழுதியது:

அந்த 18.04-ஐயே எடுத்துக்கொள்கிறேன். இது குற்றமா என்பது எந்த நாட்டுச் சட்டத்தை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 767/2009 ஒழுங்குவிதியின் நான்காம் இணைப்பில் சலுகை அளவுகள் உள்ளன. கலப்புத் தீவனத்தில் அறிவித்த கச்சாப் புரதம் 8 முதல் 24% வரை இருந்தால், அறிவித்த அளவில் 12.5% வரை விலகலாம். 20-க்கு 12.5% என்றால் 2.5 அலகு. எல்லை 17.5. ஆகவே 18.04 தப்பித்துவிடும்.

அமெரிக்காவில் மாநிலத் தீவன அதிகாரிகளின் கூட்டமைப்பான ஆஃப்கோ வைத்திருக்கும் சூத்திரம் வேறு: 20-ஐ அறிவித்த அளவால் வகுத்து 2-ஐக் கூட்டு, கிடைப்பது அனுமதிக்கும் விலகலின் விழுக்காடு. 20% புரதத்துக்கு 20/20 + 2 = 3%. 20-இல் 3% என்றால் 0.6. எல்லை 19.4. இங்கே 18.04 மாட்டிக்கொள்ளும், 18.66-உம் மாட்டிக்கொள்ளும்.

ஒரே மூட்டை, ஒரே எண், இரண்டு தீர்ப்பு. காரணம், ஐரோப்பிய அளவு தயாரிப்பில் வரும் ஏற்ற இறக்கம், ஆய்வில் வரும் ஏற்ற இறக்கம் இரண்டையும் சேர்த்தே கொடுத்தது. ஆஃப்கோ அளவு ஆய்வின் ஏற்ற இறக்கத்துக்கு மட்டும். தயாரிப்பில் குறைத்துப் போட்டதற்கு அது மன்னிப்பு அல்ல.

கொட்டில் எழுதியது:

அப்படியென்றால் ஐரோப்பாவில் எப்போதும் 17.6-இல் வைத்து விற்றுக்கொண்டே இருக்கலாமா?

சட்டநூல் எழுதியது:

ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு கேட்பது கடினம். ஆனால் அதே ஒழுங்குவிதியின் 11-ஆம் பிரிவு, லேபிள் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்று தனியாகச் சொல்கிறது. நேர்மையான விலகல் இரு பக்கமும் சிதறும்: ஒரு லாட் (ஒரே முறையில் தயாரித்த தொகுதி) 19.2, அடுத்தது 20.6, பிறகு 20.1 என்று. பத்து லாட்டும் லேபிளுக்குக் கீழேயே விழுந்தால், அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 1024-இல் 1. அங்கே பேச வேண்டியது ஒரு மூட்டையின் குறைவை அல்ல, நிறுவனத்தின் கலவைச் சூத்திரத்தையே. அதனால்தான் கண்காணிப்பு அதிகாரிகள் ஒரே பிராண்டில் பல லாட்களின் முடிவுகளைத் தொகுத்து வைத்திருக்க வேண்டும் என்கிறேன். சலுகைக்குள் இருக்கிறது என்று கோப்பை மூடிவிட்டால் அந்த வடிவம் கண்ணில் படாமலே போய்விடும்.

தீவனக்கலவை எழுதியது:

தயாரிப்புப் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம். எல்லாக் குறைவும் ஏமாற்று அல்ல. எங்கே தவறு நடந்தது என்று தெரிந்தால்தான் எந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்குவது என்பதும் தெரியும்.

பிண்ணாக்கின் புரதம் வரத்துக்கு வரத்து மாறும். உள்ளே வரும் பிண்ணாக்கை அளக்காமல் பழைய எண்ணை வைத்தே சூத்திரம் போட்டால் குறைவு நிச்சயம். அடுத்தது கலப்பான். கலவையின் சீர்மையைப் பத்து இடத்தில் மாதிரி எடுத்துப் பார்க்கும்போது மாறுபாட்டுக் கெழு (சராசரியோடு ஒப்பிட்ட சிதறலின் அளவு) 10%-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. தேய்ந்த கத்தி, நிரப்பும் அளவு மீறல், குறைந்த கலக்கும் நேரம் இவை மூன்றும் அதைக் கெடுக்கும். மூன்றாவது, சாக்கு மாற்றம்: ஒரு வகைத் தீவனம் இன்னொரு வகையின் அச்சிட்ட சாக்கில் நிரப்பப்படுவது. ஆலையில் மிச்சச் சாக்குகளைக் கணக்கு வைக்காத இடத்தில் இது அடிக்கடி நடக்கும்.

அதனால் அதிகாரி ஆலைக்குள் போனால் கேட்க வேண்டியவை: அந்த லாட்டின் கலவைத் தாள், அன்றைய மூலப்பொருள் எடைப் பதிவு, வந்த மூலப்பொருளின் ஆய்வு முடிவு, வெற்றுச் சாக்கு இருப்புக் கணக்கு, நிறுவனமே எடுத்து வைத்த தக்கவைப்பு மாதிரி. கலவைத் தாளிலேயே கணக்குப் போட்டால் 18% தான் வருகிறது என்றால் அது தவறு அல்ல, திட்டம். தாளில் 20.5 வந்து சாக்கில் 18 என்றால் எடையிலோ கலப்பிலோ கோளாறு.

ஏமாற்று என்று வரும்போது பெரும்பாலும் நைட்ரஜன் வழிதான். இதைச் சோதனைக்குழல் விளக்கட்டும்.

சோதனைக்குழல் எழுதியது:

ஆய்வகங்கள் புரதத்துக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் கெல்டால் முறை புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறது. எரித்து அளக்கும் டூமா முறையும் மொத்த நைட்ரஜனைத்தான் பார்க்கிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இரண்டுக்கும் தெரியாது.

யூரியாவில் நைட்ரஜன் 46%. 46 × 6.25 = 287. அதாவது 1 கிலோ யூரியா, ஆய்வகத்தின் கண்ணுக்கு 2.87 கிலோ புரதம். 14% புரதம் உள்ள கலவை 98 கிலோவில் 2 கிலோ யூரியாவைச் சேர்த்தால் 13.7 + 5.7 = 19.4. லேபிளை ஏறக்குறைய எட்டிவிட்டது. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருளான மெலமினில் நைட்ரஜன் சுமார் 66.6%, ஒவ்வொரு 1 விழுக்காடும் 4 அலகுக்கு மேல் காட்டும், விலங்குக்கு ஒரு துளி பயனும் இல்லை.

2007-இல் அமெரிக்காவில் செல்லப்பிராணி உணவுகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். கோதுமைப் பசைப்புரதம் என்று லேபிளிட்டு வந்த சரக்கு, மெலமின் கலந்த கோதுமை மாவு. அதன் மிச்சம் பன்றித் தீவனத்திலும் மீன் தீவனத்திலும் போய்ச் சேர்ந்தது. ஆவணத்தில் புரத அளவு சரியாகவே இருந்தது.

எனவே புகாரில் "புரதம் சோதிக்கவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். மூன்று சோதனை கேளுங்கள்: மொத்த நைட்ரஜன், யூரியா, உண்மைப் புரதம். யூரியாவை டை-மெத்தில்-அமினோ-பென்சால்டிஹைடு சேர்த்து மஞ்சள் நிறத்தை 420 நானோமீட்டரில் அளப்பார்கள். உண்மைப் புரதத்துக்கு முதலில் புரதத்தை வீழ்படிவாக்கி வடிகட்டி, வடிதாளில் நின்றதன் நைட்ரஜனை மட்டும் அளப்பார்கள். மொத்தத்துக்கும் உண்மைக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்து, யூரியாச் சோதனையும் வெறுங்கையோடு வந்தால், மெலமினையும் அதன் உறவுகளையும் திரவ நிறப்பிரிகை-நிறைமாலையில் தேடச் சொல்ல வேண்டும்.

கொட்டில் எழுதியது:

யூரியா போடுவதே குற்றமா?

அசைபோடும் எழுதியது:

இல்லை. அசைபோடும் வளர்ந்த விலங்கின் முதல் இரைப்பை நுண்ணுயிர்கள் யூரியா நைட்ரஜனைப் புரதமாக மாற்றிக்கொள்ளும். தேவையான மாவுச்சத்தும் படிப்படியான பழக்கமும் இருந்தால் பயன்தான். குற்றம், சொல்லாமல் போடுவது. அமெரிக்க லேபிள் முறையில் புரத வரிக்குக் கீழேயே, புரதமல்லாத நைட்ரஜனிலிருந்து இதில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று எழுதியாக வேண்டும். அந்த வரி இல்லாத மூட்டையில் யூரியா கண்டால் அந்த ஒன்றே போதும்.

அசைபோடாத கன்றுக்கும் கோழிக்கும் குதிரைக்கும் அது புரதம் ஆகாது. பட்டினி கிடந்த மாடு யூரியா அதிகமுள்ள தீவனத்தை ஒரேயடியாகத் தின்றால் அம்மோனியா நச்சில் சில மணி நேரத்தில் செத்துவிடக்கூடும். லேபிளில் இருந்திருந்தால் பண்ணையாளர் அளவாகக் கொடுத்திருப்பார். விடுபட்ட ஒரு வரியின் விலை அது.

எடைக்கல் எழுதியது:

எல்லோரும் ஆய்வகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வழக்கு தோற்பது ஆய்வகத்தில் அல்ல, மாதிரி எடுத்த இடத்தில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

*எத்தனை மூட்டை.* ஆய்வு முறைகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஏ.ஓ.ஏ.சி.-யின் 965.16 முறை தெளிவாக இருக்கிறது. லாட்டில் 1 முதல் 10 மூட்டை வரை இருந்தால் எல்லாவற்றிலும். 11-க்கு மேல் என்றால் 10 மூட்டையில். மூட்டைக்கு ஒரு குத்து, அதாவது குத்தூசியால் ஒருமுறை எடுப்பது. 4 மூட்டைக்குக் குறைவாகவோ 4 மட்டுமோ இருந்தால் மொத்தம் குறைந்தது 5 குத்து வரும்படி கூடுதலாக எடுக்க வேண்டும். குவியலாகக் கிடந்தால் வெவ்வேறு பகுதியிலிருந்து குறைந்தது 10. ஒரு மூட்டையில் ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பிவிட்டு லாட்டையே குற்றம் சாட்டினால் நிற்காது.

*எப்படி.* மூட்டையைப் படுக்க வைத்து, பக்கப் பிளவுள்ள நீளக் குத்தூசியை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோணலாகச் செலுத்த வேண்டும். பிளவு கீழ்ப்பக்கம் பார்த்தபடி உள்ளே போய், உள்ளே திருப்பி, நிரம்பியதும் வெளியே. மேலிருந்து கையால் அள்ளினால் குச்சித் தீவனம் வரும், தூள் வராது. தூளும் குச்சியும் போக்குவரத்தில் பிரிந்து அடியில் தூள் தங்கும். தாதுக்கள் பெரும்பாலும் அந்தத் தூளில்.

*லேபிள்.* சாக்கின் வாய்த் தையலில் சேர்த்துத் தைத்த சீட்டு இருந்தால் அந்தத் தையலைத் தொடாதீர்கள். சீட்டு பிரிந்துவிட்டால் இந்தத் தீவனம் இந்த லேபிளுக்கு உரியது என்ற தொடர்பு அறுந்துவிடும். பிரிக்காத மூட்டையைச் சாக்கின் பக்கவாட்டில் குத்தி, குத்திய இடத்தை ஒட்டிக் கையெழுத்திடலாம். சாக்கின் இரு பக்கமும், சீட்டு, லாட் எண், தயாரிப்பு நாள், அடுக்கி வைத்திருந்த இடம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

*பிரிப்பு.* எல்லாக் குத்துகளையும் சுத்தமான உலர்ந்த பாத்திரத்தில் சேர்த்துக் கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிளந்து, எதிரெதிர் இரண்டைத் தள்ளிவிட்டு மறுபடியும் இதையே செய்ய வேண்டும். பிளப்பான் கருவி இருந்தால் இன்னும் நல்லது. கடைசியில் மூன்று சம பங்கு, ஒவ்வொன்றும் அரை கிலோவுக்குக் குறையாமல்: ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று நடுவர் ஆய்வுக்காக முத்திரையோடு. மூன்றாவது பங்கு இல்லாத வழக்கில் இரண்டு ஆய்வகம் இரண்டு எண் சொன்னால் முடிவே வராது.

*டப்பா.* ஈரம் புகாத மூடி. அதன்மேல் முத்திரை, இரு தரப்புக் கையெழுத்து, நாள், நேரம், லாட் எண். மகஜரில் எத்தனை மூட்டை இருந்தது, எத்தனையில் எடுத்தது, எந்தக் கருவி, யார் யார் உடனிருந்தார்கள் என்று எழுத வேண்டும். டப்பா யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்பதற்கு இடைவெளியில்லாத பதிவு வேண்டும். ஆய்வகம் பெற்றபோது முத்திரை உடையாமல் இருந்தது என்ற வரி அறிக்கையில் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிக் கேட்டு வாங்குங்கள்.

சோதனைக்குழல் எழுதியது:

> அரை கிலோவுக்குக் குறையாமல்

இதோடு ஒன்று. ஆய்வகம் அந்த அரை கிலோவையும் 1 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும்வரை முழுதாக அரைத்த பிறகே அதிலிருந்து 1 கிராம் எடுக்க வேண்டும். அரைக்காமல் மேலே இருந்ததில் ஒரு கிராம் எடுத்தால் இவ்வளவு பாடும் வீண்.

ஆய்வகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 (ஆய்வகத் திறனுக்கான சர்வதேசத் தரநிலை) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அங்கீகாரப் பட்டியலில் இந்தச் சோதனை, தீவனம் என்ற பொருளுக்கு, இருக்கிறதா என்று பாருங்கள். குடிநீருக்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு தீவன அறிக்கை தரும் ஆய்வகத்தை நீதிமன்றத்தில் எளிதாகக் கவிழ்ப்பார்கள். அறிக்கையில் முறையின் பெயர், எந்த நிலையில் சொன்ன அளவு, அளவீட்டு நிச்சயமின்மை மூன்றும் இருக்கட்டும். 18.0 ± 0.5 என்றால் மேல் விளிம்பு 18.5. அதுவும் சட்டத்தின் எல்லைக்குக் கீழே இருந்தால்தான் வாதம் கெட்டி.

கொட்டில் எழுதியது:

அதிகாரி வரவே இல்லை, பண்ணையாளரே எடுத்த மாதிரி என்றால்?

சட்டநூல் எழுதியது:

தண்டனை வழக்குக்குப் பெரும்பாலும் போதாது. அதிகாரி வந்து லாட்டிலிருந்து எடுக்கத் தூண்டும் தகவலாக நன்றாகப் பயன்படும். இழப்பீட்டு வழக்கில் அதற்கு மதிப்பு உண்டு, எடைக்கல் சொன்ன முறையில் எடுத்திருந்தால். பிரிக்காத மூட்டை ஒன்றையாவது தையலோடு தனியாக வைத்திருப்பது எல்லாவற்றையும்விட மேல்.

பண்ணையில் தீவனம் முழுவதும் தின்று தீர்ந்துபோயிருக்கும், மாதிரியே இராது. இதை ஒத்த சிக்கல் விதை வழக்குகளில் வந்தது. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2012-இல், விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான் என்றும், வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுபவரிடம் மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும், அதே லாட் விதையை நிறுவனமே சோதனைக்குத் தந்திருக்கலாம் என்றும் சொன்னது. தீவனத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல இது. ஆனால் தின்று தீர்க்கவே வாங்கும் பொருளுக்கு இதே வாதத்தை வைக்கலாம், வைக்க வேண்டும். நிறுவனத்தின் தக்கவைப்பு மாதிரியைக் கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்புங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பும் ஆவணம்.

இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் செய்ய 2 ஆண்டு. பிழைப்புக்காகத் தானே செய்யும் தொழிலுக்கு வாங்கினால் அது "வணிக நோக்கம்" ஆகாது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வரும், பதிலை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தீவனக்கலவை எழுதியது:

உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுத்தால் ஆகாதா? பலரும் அங்கேதான் போகிறார்கள்.

சட்டநூல் எழுதியது:

இதில்தான் நாட்டுக்கு நாடு அடிப்படையே மாறுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் "உணவு" என்ற சொல்லின் வரையறையிலேயே விலங்கு உண்பதும் அடக்கம். அதனால் மனித உணவின் லேபிள் பொய்யானால் என்ன ஆகுமோ அதுவே தீவனத்துக்கும்: பறிமுதல், தடை ஆணை, குற்றவழக்கு. இந்தியாவின் 2006 உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தில் உணவு என்பதன் வரையறை கால்நடைத் தீவனத்தை வெளிப்படையாகவே விலக்குகிறது. அந்தச் சட்டத்தின் "தவறான லேபிள்" பிரிவைத் தீவன மூட்டைக்கு நேராகப் பொருத்தினால் வழக்கு வாசலிலேயே விழும். அங்கே போக வேண்டிய வழிகள் வேறு: நுகர்வோர் சட்டம்; மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்து உரிமம் இல்லையென்றால் 2016 இந்தியத் தர நிர்ணயச் சட்டம். வேண்டுமென்றே ஏமாற்றியதற்குச் சான்று இருந்தால் காவல்துறை. முத்திரையின் கீழ் உரிம எண் அச்சிடப்பட்டிருக்கும். அது எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குத் தரப்பட்டது என்று சரிபார்ப்பது சில நிமிட வேலை, அதையே பலர் செய்வதில்லை.

அடுத்தது குற்றச்சாட்டின் பெயர். "கலப்படம்" வேறு, "பொய் லேபிள்" வேறு. 20 என்று அச்சிட்டு 16 இருந்தால் பொய் லேபிள். இருக்க வேண்டிய சத்துப்பொருளையே எடுத்துவிட்டிருந்தால், அல்லது இருக்கக் கூடாத நச்சு இருந்தால் கலப்படம். ஒரே உண்மைக்கு இரண்டும் பொருந்தினால் இரண்டையும் தனித்தனிக் குற்றச்சாட்டாக வையுங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

"எனக்குத் தெரியாது" என்ற வாதம் எவ்வளவு செல்லும்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-இல் டாட்டர்வைக் வழக்கிலும் 1975-இல் பார்க் வழக்கிலும், தடுக்கும் அதிகாரமுள்ள பொறுப்பில் இருந்த நிர்வாகி, நேரடியாகத் தெரியாவிட்டாலும் பொறுப்பு என்றது. சில்லறை விற்பவருக்குத் தனி வழி உண்டு: சரக்கு சட்டப்படி சரியானது என்று கையெழுத்திட்ட உத்தரவாதம் விற்றவரிடமிருந்து வாங்கி வைத்து, நல்லெண்ணத்தில் விற்றிருந்தால் தண்டனையிலிருந்து தப்பலாம். ஐரோப்பாவில் லேபிளுக்குப் பொறுப்பு, முதலில் சந்தையில் வைத்தவர் அல்லது யார் பெயரில் விற்கப்படுகிறதோ அவர். ஆலை வேறொருவருடையது, பிராண்டு மட்டும் தன்னுடையது என்று சொல்லி நழுவ முடியாது.

அசைபோடும் எழுதியது:

புரதக் குறைவு பணத்தைத் தின்னும். உயிரைத் தின்பது லேபிளில் வராத சேர்மானங்கள். இரண்டைச் சொல்கிறேன், இவற்றில் அதிகாரிகள் நாள் கணக்கில் காத்திருக்கக் கூடாது.

மொனென்சின். கோழிக்கும் மாட்டுக்கும் தீவனத்தில் போடும் மருந்து. கோழிகளில் பாதியைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 200 மி.கி. வேண்டும். குதிரைக்கு 2 முதல் 3 மி.கி. போதும், இதயத் தசை சிதைந்து சாகும். கோழித் தீவனம் ஓடிய கலப்பானைக் கழுவிவிடாமல் அடுத்து குதிரைத் தீவனம் ஓட்டினால் முதல் சில மூட்டைகளில் அது போய்ச் சேரும். அதனால் இங்கே பத்து மூட்டைச் சராசரி மாதிரி உண்மையை மறைத்துவிடக்கூடும். லாட்டின் தொடக்க மூட்டைகளைத் தனியாக எடுக்க வேண்டும். ஆலையில் கேட்க வேண்டியது அன்றைய ஓட்ட வரிசைப் பதிவு: எதற்குப் பின் எது ஓடியது.

செம்பு. ஆட்டில் செம்மறிக்கு மட்டும் பெரிய ஆபத்து. கல்லீரலில் மெல்லச் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று இரத்தத்தில் கொட்டி, சிவப்பணுக்கள் உடைந்து சாகும். ஐரோப்பிய உச்ச வரம்பு செம்மறிக்குக் கிலோவுக்கு 15 மி.கி. மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் அதைவிடக் கூடுதல் அனுமதி உண்டு. "ஆட்டுத் தீவனம்" என்று பொதுவாக அச்சிடுவதே இங்கே பிழையான லேபிள், எந்த ஆடு என்று இருக்க வேண்டும். நோய் வெளிப்படும்போது, மாதங்களுக்கு முன் தின்ற தீவனம் கையில் இருக்காது. இறந்த விலங்கின் கல்லீரலும் சிறுநீரகமும்தான் சான்று. உறைநிலையில் வைத்து அனுப்புங்கள்.

எடைக்கல் எழுதியது:

லேபிளில் வராததைப் பேசும்போது 2010 கடைசியில் ஜெர்மனியில் நடந்ததையும் சேர்க்க வேண்டும். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வந்த கொழுப்பு அமிலங்கள் தீவனக் கொழுப்பில் கலக்கப்பட்டு டயாக்சின் முட்டை வரை போனது. 2011 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பண்ணைகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. அதன் பிறகுதான் 225/2012 ஒழுங்குவிதி வந்து, தீவனக் கொழுப்பையும் தொழிற்சாலைக் கொழுப்பையும் பிரித்து வைப்பது கட்டாயமானது. மூட்டையின் லேபிளை மட்டும் பார்த்தால் அங்கே ஒன்றும் தெரிந்திருக்காது. பொய் இருந்தது ஆலைக்குள் வந்த தொட்டி வண்டியின் ஆவணத்துக்கும் அந்தக் கொழுப்பு போய்ச் சேர்ந்த இடத்துக்கும் நடுவில். ஆலை ஆய்வில் மூலப்பொருள் வரவுச் சீட்டுகளைப் பொருளோடு பொருத்திப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

தீவனக்கலவை எழுதியது:

மணலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தவிட்டில் இதுதான் வழக்கமான புகார். சாம்பலை அமிலத்தில் கொதிக்க வைத்து, கரையாமல் நிற்பதை எடை போட்டு, "மணல் 5%" என்று எழுதிவிடுகிறார்கள். நெல் உமியிலும் சிலிக்கா நிறைய. அதுவும் அமிலத்தில் கரையாது. ஆகவே அந்த எண் மணலையும் உமியையும் பிரித்துச் சொல்லாது. நார் அளவும் கூடியிருந்தால் உமி, நார் கூடாமல் கரையாச் சாம்பல் மட்டும் கூடியிருந்தால் மணல் என்று ஊகிக்கலாம். வழக்குக்கு ஊகம் போதாது, நுண்ணோக்கி அறிக்கை சேருங்கள். உமியின் மேல்தோல் வரிசை நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். "மணல் கலந்தார்" என்று குற்றம் சாட்டி, அது உமி என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், உமி கலந்த குற்றத்திலிருந்தும் அவர் தப்பிவிடுவார்.

சோதனைக்குழல் எழுதியது:

நுண்ணோக்கி என்றதும், தடைசெய்யப்பட்ட விலங்குப் புரதத்துக்கும் இதே பாடம். பைத்திய மாட்டு நோயால் (பி.எஸ்.இ.) பிரிட்டன் 1988 ஜூலையில் அசைபோடும் விலங்கின் புரதத்தை அசைபோடும் விலங்குக்கே கொடுப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் பண்ணை விலங்குகள் எல்லாவற்றுக்கும் தடையை விரித்தது, பின்னர் 2013-இலும் 2021-இலும் அதை ஓரளவு தளர்த்தியது. நுண்ணோக்கி எலும்புத் துணுக்கைக் காட்டும், எந்த விலங்கு என்று சொல்லாது. பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை விலங்கைச் சொல்லும், ஆனால் அது இறைச்சி எலும்பு மாவா, அனுமதிக்கப்பட்ட பால் தூளா என்று சொல்லாது. இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு.

கொட்டில் எழுதியது:

அஃப்ளாடாக்சின் இருந்தால் பொய் லேபிள் என்று சொல்லலாமா? "பூஞ்சை நச்சு அற்றது" என்று சில மூட்டையில் அச்சிடுகிறார்கள்.

சோதனைக்குழல் எழுதியது:

அச்சிட்டிருந்தால் அது உறுதிமொழி, பொய்யானால் பொய் லேபிள்தான். ஆனால் நிரூபிப்பது மிகக் கடினமானது இதுவே. பூஞ்சை, விற்ற பிறகும் வளரும். பண்ணையில் ஈரத்தரையில் கிடந்த, வாய் திறந்த மூட்டையில் எடுத்த மாதிரி எதையும் நிரூபிக்காது. நச்சு சீராகவும் பரவியிருக்காது. ஓரிரு கெட்ட மணிகளில் குவிந்திருக்கும். அதனால் மாதிரி அளவைப் பல மடங்கு கூட்டி, கிலோக் கணக்கில் எடுத்து, முழுவதையும் அரைக்க வேண்டும். பிரிக்காத மூட்டை, கடையிலோ ஆலையிலோ எடுத்தது, எடுத்த அன்றே ஈரம் அளந்தது: இவை இருந்தால் மட்டும் இந்த வழியில் போங்கள்.

கறவை மாட்டுத் தீவனத்தில் எல்லா வகை அஃப்ளாடாக்சினும் சேர்த்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. வைத்த வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், அதில் பி1 வகைக்கு மட்டும் ஐரோப்பிய வரம்பு 5. தின்ற பி1-இல் 1 முதல் 6% வரை எம்1 என்ற வேறு வடிவமாகப் பாலுக்கு வரும். பாலில் எம்1 வரம்பு மீறினால் அது மனித உணவுச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. தீவனத்துக்குத் தனிச் சட்டம் இல்லாத இடத்தில், பால் பக்கமிருந்து பின்னோக்கிப் போவதும் ஒரு வழி. ஆனால் அந்த வழியில் முதலில் மாட்டிக்கொள்பவர் பண்ணையாளர், தீவனம் விற்றவர் அல்ல. இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

வைட்டமின் குறைவும் இதே ரகம். சேமிப்பில் வைட்டமின் சிதையும். காலாவதி நாளுக்குள், பிரிக்காத மூட்டை என்றால் மட்டுமே பேச்சு. புரதம், யூரியா, கரையாச் சாம்பல் இவைதான் கெட்டியான குற்றச்சாட்டுகள். சேமிப்பு இவற்றைப் பெரிதாக மாற்றாது.

எடைக்கல் எழுதியது:

காலத்தைப் பற்றியும் பேச வேண்டும். அறிக்கை வர வாரங்கள் ஆகும், லாட் அதற்குள் தின்று தீர்ந்துவிடும். அபராதம் பிறகு வந்து யாருக்கு என்ன பயன்? என் அழுத்தமான கருத்து: முதல் ஆயுதம் விற்பனை நிறுத்த ஆணையாக இருக்க வேண்டும், வழக்கு இரண்டாவது. அமெரிக்க மாநிலத் தீவனச் சட்டங்களில் அந்த ஆணை அதிகாரியின் கையிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் 2017/625 ஒழுங்குவிதியின் 138-ஆம் பிரிவு நிறுத்தவும், திரும்பப் பெறவும், லேபிளை மாற்றவும் ஆணையிட அனுமதிக்கிறது.

கையடக்க அகச்சிவப்புக் கருவி சில நிமிடத்தில் ஒரு மதிப்பீடு தரும். அதைச் சான்றாக வைக்க முடியாது. எந்த லாட்டை நிறுத்தி வைத்து மாதிரி எடுப்பது என்று தேர்வு செய்யப் போதும்.

சட்டநூல் எழுதியது:

நிறுத்த ஆணைக்கு முழு ஆதரவு. ஆனால் அதே 2017/625-இன் 35-ஆம் பிரிவு நிறுவனத்துக்கு இரண்டாவது நிபுணர் கருத்துக் கேட்கும் உரிமை தருகிறது. நிறுவனத்தின் பங்கு மாதிரியைக் கொடுக்காமல் ஆணை போட்டால் மேல்முறையீட்டில் அந்த ஒரு காரணத்துக்காகவே அது ரத்தாகலாம். அவசரத்தில் விடுபடுவது பெரும்பாலும் இதுதான்.

கொட்டில் எழுதியது:

இழப்பீடு கேட்பவருக்கு?

அசைபோடும் எழுதியது:

லேபிள் பொய் என்று நிரூபித்தால் மூட்டையின் விலை திரும்ப வரும். பால் குறைந்தது, கன்று செத்தது என்றால் அந்தப் பொய்யால்தான் என்று தனியாக நிரூபிக்க வேண்டும். தீவனம் மாற்றிய நாள், அன்றாடப் பால் அளவு, அதே கொட்டிலில் அந்தத் தீவனம் தின்னாத விலங்குகளின் நிலை, பசுந்தீவனம் எவ்வளவு, மழை, வெயில், நோய், சினை. பால் குறைய ஐம்பது காரணம் உண்டு, எதிர்த்தரப்பு ஐம்பதையும் கேட்கும். தீவனத்தை நிறுத்தியதும் பால் பழைய அளவுக்கு ஏறியது என்ற பதிவு இருந்தால் அது எல்லா வாதத்தையும்விடக் கனமானது. இறப்பு என்றால் அன்றே பிரேதப் பரிசோதனை, இரைப்பை உள்ளடக்கம் தனி டப்பாவில்.

எடைக்கல் எழுதியது:

புகார்க் கடிதம் எழுதுபவர்களுக்கு. பிராண்டு, வகைப் பெயர், லாட் எண், தயாரிப்பு நாள், வாங்கிய நாள், பில் எண், வாங்கிய மூட்டை எண்ணிக்கை, பிரிக்காமல் மீதி இருப்பது, லேபிளில் உள்ள வாசகம் அச்சிட்டபடியே, எந்த வாசகம் பொய் என்ற ஒரே ஒரு வரி, வேண்டிய சோதனைகளின் பெயர். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பில்லில் லாட் எண் எழுதித் தரச் சொல்லி வாங்கும்போதே கேளுங்கள். பில்லில் வெறும் "தீவனம் 10 மூட்டை" என்று இருந்தால் உங்கள் கொட்டிலில் உள்ள மூட்டைக்கும் அந்தக் கடைக்கும் இடையில் சட்டம் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.